ஆறாத ரணத்துக்கு பயாலஜிக் ஊசி: பயோடெர்மா கேங்ரினோசம் வந்தவங்களுக்கும் கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்கும் முழு வழிகாட்டி

எங்க அம்மாவுக்கு கணுக்காலுக்கு மேல ஒரு பரு வந்துச்சு, கொசு கடிச்சு தடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, யாரும் பெருசா எடுத்துக்கல. மூணாவது நாள் அது பழுத்து உடைஞ்சு, ஒரு வாரத்துல உள்ளங்கை அகலத்துக்கு ரணமாயிடுச்சு. ஆன்டிபயாட்டிக் மாத்தி மாத்தி குடுத்தாங்க, கேக்கல. அழுகின சதைய வெட்டி எடுத்தா சரியாயிடும்னு தியேட்டருக்கு கூட்டிட்டுப் போய் வெட்டினாங்க, பத்து நாள்ல புண்ணு ரெண்டு மடங்கு ஆச்சு. மறுபடி வெட்டினாங்க, மறுபடி பெருசாச்சு. மூணாவது தடவைக்கு முன்னாடி ஒரு தோல் டாக்டர் வந்து புண்ணோட ஓரத்த மட்டும் ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "இனிமே இதுல கத்தி படக்கூடாது"ன்னாங்க. அந்த வார்த்தைதான் அம்மாவோட கால காப்பாத்துச்சு, அதனாலதான் உக்காந்து இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நான் டாக்டர் இல்ல, ரெண்டு வருஷம் கட்டு மாத்தி, ஊசி போட்டு, ரிப்போர்ட் ஃபைல தூக்கிட்டு அலைஞ்சவன். கீழ வர்ற டோஸ் எல்லாம் உங்களுக்கு விஷயம் புரியறதுக்காக, நீங்களா போட்டுக்கறதுக்கு இல்ல. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், எந்த வரிசைல கேக்கணும்னு தெரிஞ்சுக்கதான் இது.

பேர பாத்து பயப்படாதீங்க

பயோடெர்மா கேங்ரினோசம்னா சீழ் பிடிச்ச, சதை அழுகிப்போற தோல் நோய்னு அர்த்தம் வரும். ரெண்டுமே தப்பு. இது கிருமியால வர்றதும் இல்ல, ரத்த ஓட்டம் நின்னு சதை அழுகுறதும் இல்ல, தொட்டா ஒட்டவும் ஒட்டாது. 1916லயே பிரான்ஸ்ல ப்ரோக்னு ஒரு தோல் டாக்டர் இத எழுதி வச்சிருக்கார், 1930ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டருங்கதான் இந்தப் பேர வச்சாங்க, அப்ப அவங்க இத கிருமித் தொற்றுன்னு நினைச்சாங்க. அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு, அந்தப் பேராலயே இன்னைக்கும் ஜனங்க பயந்து போறாங்க.

உண்மைல நடக்கறது என்னன்னா, நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளை அணு இருக்கு, கிருமி வந்தா முதல்ல ஓடி வர்றது அதுதான். இந்த நோய்ல கிருமி இல்லாமயே அது கூட்டம் கூட்டமா தோலுக்குள்ள வந்து இறங்கி நம்ம சதையையே கரைக்குது. அதுங்கள கூப்பிடற சிக்னல் கெமிக்கல்கள்ல டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 1, 8, 17, 23 இதெல்லாம் முக்கியம். பயாலஜிக் மருந்து அந்த சிக்னல்ல ஏதாவது ஒண்ண மட்டும் குறி வச்சுப் பிடிச்சு அடைக்கும். ஸ்டீராய்டு ஊருக்கே கரண்ட கட் பண்ற மாதிரி, பயாலஜிக் ஒரு வீட்டு ஃபியூஸ மட்டும் பிடுங்கற மாதிரி. உயிருள்ள செல்லுல வளர்த்து எடுக்கற புரதம்ங்கறதால மாத்திரையா குடுக்க முடியாது, வயித்துல போனா சாப்பாடு மாதிரி செரிச்சுடும், அதனாலதான் ஊசியாவோ டிரிப்ஸாவோ குடுக்கறாங்க.

முதல் படி: இது அந்த நோய்தானான்னு அடிச்சுக் கேளுங்க

இந்தப் படிலதான் நான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன், ஏன்னா இங்க தப்பு நடந்தா அதுக்கப்புறம் செய்யற எல்லாமே தப்பாப் போகும். தப்பு ரெண்டு பக்கமும் நடக்குது. எங்க அம்மாவுக்கு நடந்தது ஒரு வகை, இந்த நோய கிருமிப் புண்ணுன்னு நினைச்சு வெட்டறது. இன்னொரு வகை, வேற ஏதோ புண்ண இந்த நோய்னு நினைச்சு எதிர்ப்பு சக்திய குறைக்கற மருந்த ஏத்தறது. மேயோ கிளினிக்லேர்ந்து 2002ல வந்த ஒரு ஆய்வுல, இந்த நோய்னு முத்திரை குத்தினதுல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தருக்கு வேற நோய்தான் இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. ரத்தக்குழாய் அடைப்பு, வாஸ்குலைட்டிஸ்ங்கற ரத்தக்குழாய் அழற்சி, நரம்பு சுருட்டல்னால வர்ற புண், தோல் புற்றுநோய், பூஞ்சைத் தொற்று, டிபி வகைக் கிருமி, ஹைட்ராக்சியூரியா மாதிரி சில மருந்தால வர்ற புண், இதெல்லாம் பாக்க அச்சு அசலா இப்படியே இருக்கும்.

நீங்க கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது இதுதான். பருவாவோ கொப்புளமாவோ ஆரம்பிச்சு நாலு நாளுக்குள்ள உடைஞ்சு புண்ணாச்சா? ஓரம் கத்தரிப்பூ கலர்ல, ஊதாவா இருக்கா? ஓரத்துக்கு அடியில குடைஞ்சுகிட்டுப் போன மாதிரி பள்ளமா இருக்கா? வலி, புண்ணோட அளவுக்கு சம்பந்தமே இல்லாம உயிர் போற மாதிரி இருக்கா? அடிபட்ட இடம், ஊசி குத்தின இடம், ஆபரேஷன் தையல் போட்ட இடம், அங்கங்க புதுசா கிளம்புதா? இந்தக் கடைசி விஷயத்துக்கு பேதர்ஜின்னு பேரு, அத மறக்காதீங்க, கீழ திரும்பத் திரும்ப வரும். ஆறின பழைய தழும்பு சல்லடை மாதிரி, இல்ல கசக்கின பேப்பர் மாதிரி இருக்கறதும் ஒரு அடையாளம்.

2018ல பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு வரைமுறை போட்டாங்க. புண்ணோட ஓரத்துலேர்ந்து சின்ன சதைத் துண்டு எடுத்துப் பாக்கற பயாப்சில நியூட்ரோஃபில் கூட்டம் தெரியணும், அது கட்டாயம். அதோட எட்டு துணை அடையாளத்துல குறைஞ்சது நாலு இருக்கணும், மேல சொன்னதெல்லாம் அந்த எட்டுலதான் வருது, கிருமித் தொற்று இல்லன்னு உறுதி பண்றதும் அதுல ஒண்ணு. "பயாப்சி எடுத்தா புண்ணு பெருசாகாதா"ன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். கொஞ்சம் ஆகலாம், ஆனா பயாப்சி எடுக்காம புற்றுநோயையோ பூஞ்சையையோ விட்டுட்டா அது அதவிட பெரிய ஆபத்து. எடுக்கும்போது ஓரத்தோட சேர்த்து ஆழமா எடுக்கணும், ஒரு துண்டு மைக்ரோஸ்கோப்புக்கும் இன்னொரு துண்டு கிருமிய வளர்த்துப் பாக்கற கல்ச்சருக்கும் போகணும், கல்ச்சர்ல பாக்டீரியா மட்டும் இல்லாம பூஞ்சையும் டிபி வகைக் கிருமியும் பாக்கச் சொல்லுங்க. காலுல புண்ணுன்னா டாப்ளர் எடுத்து ரத்த ஓட்டம் பாக்கணும். ரத்தத்துல ஆங்கா, ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் ஆன்டிபாடி இதெல்லாம் பாக்கறது வாஸ்குலைட்டிஸையும் ரத்தம் உறையற நோயையும் ஒதுக்கறதுக்கு.

ஒரு விஷயம், புண்ணு மேல துடைச்சு எடுத்த ஸ்வாப்ல ஏதாவது கிருமி வளரத்தான் செய்யும், திறந்து கிடக்கற எந்தப் புண்ணுலயும் வளரும். அத மட்டும் வச்சு "இன்ஃபெக்ஷன்தான்"னு யாராவது முடிச்சுட்டா ஒத்துக்காதீங்க.

ரெண்டாவது படி: கத்திய நிறுத்துங்க

சந்தேகம் வந்த நிமிஷத்துலேர்ந்து அழுகின சதைய வெட்டி எடுக்கறது, பலமா சுரண்டறது, தோல் ஒட்டு போடறது எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும். காயம் பட்ட இடத்துல நோய் இன்னும் வீரியமா கிளம்பும், அதான் பேதர்ஜி. ஆபரேஷன் முடிஞ்சு சில நாள்ல தையல் பிரிஞ்சு, ஜுரம், வெள்ளை அணு ஏறி, சதைய தின்னற கிருமி வந்துடுச்சுன்னு நினைச்சு திரும்பத் திரும்ப வெட்டி, கடைசில காலையே எடுத்த கேஸெல்லாம் மருத்துவப் பத்திரிகைல வந்திருக்கு. தோல் ஒட்டு வாழ்க்கைல வேணவே வேணாம்னு இல்ல, வீக்கம் முழுசா அடங்கி, மருந்து ஓடிட்டு இருக்கும்போது பண்ணலாம். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

மூணாவது படி: புண்ணுக்குப் பின்னாடி என்ன இருக்கு

கிட்டத்தட்ட பாதி பேருக்கு தோலோட நிக்காம உள்ள வேற ஒரு நோய் இருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் மாதிரி குடல் நோய், ருமடாய்டு மாதிரி மூட்டு நோய், இல்லன்னா ரத்த செல் சம்பந்தப்பட்ட நோய். இத தேடறது வெறும் சம்பிரதாயம் இல்ல, எந்த பயாலஜிக்னு முடிவு பண்றதே இத வச்சுதான். அம்மாகிட்ட "மலத்துல ரத்தம் போகுதா"ன்னு அந்த தோல் டாக்டர் கேட்டப்பதான் ஒரு வருஷமா போயிட்டு இருந்ததையே அம்மா சொன்னாங்க, வெக்கப்பட்டு எங்ககிட்ட மறைச்சிருக்காங்க. தயவுசெஞ்சு எதையும் மறைக்காதீங்க, வயித்துப்போக்கு, மூட்டுவலி, எடை குறையறது, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் அடிக்கடி வர்ற சீழ்க்கட்டி, கடுமையான முகப்பரு, எல்லாத்தையும் சொல்லுங்க. வழக்கமான ரத்தப் பரிசோதனையோட ரத்த ஸ்மியர், புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ், தேவைப்பட்டா குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கற கொலோனோஸ்கோபி கேப்பாங்க, தள்ளிப் போடாதீங்க.

நாலாவது படி: பயாலஜிக் எப்ப உள்ள வருது

நிறைய பேர் முதல் நாளே பயாலஜிக் வேணும்னு கேக்கறாங்க, சில பேர் கடைசி வரைக்கும் வேணாம்னு ஓடறாங்க. நடுவுல ஒரு வழி இருக்கு. சின்னப் புண்ணுன்னா ஓரத்துல க்ளோபெட்டசால் மாதிரி பவர் ஜாஸ்தியான ஸ்டீராய்டு களிம்பு, இல்ல டாக்ரோலிமஸ் களிம்பு, இதோட நிறுத்திப் பாப்பாங்க. வேகமா பரவறதுன்னா ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரையோ, எதிர்ப்பு சக்திய குறைக்கற சைக்ளோஸ்போரினோ குடுப்பாங்க. பிரிட்டன்ல 121 பேர சேர்த்து நடத்தின ஸ்டாப் கேப்னு ஒரு ஆய்வு 2015ல வந்துச்சு, இது ரெண்டுல எது நல்லதுன்னு பாத்தாங்க. ஆறு மாசத்துல புண்ணு முழுசா ஆறினவங்க ரெண்டு பக்கமும் 47 சதவீதம்தான். அதாவது பாதிக்கு மேல ஆறு மாசம் ஆகியும் ஆறல, ஆறினவங்கள்லயும் பத்துல மூணு பேருக்கு திரும்ப வந்துச்சு, பக்கவிளைவு ரெண்டு பக்கமும் நிறைய. பயாலஜிக் தேவைப்படறது ஏன்னு இந்தக் கணக்கு ஒண்ணே சொல்லிடும்.

ஸ்டீராய்டு சீக்கிரம் வேலை செய்யும், ஆனா மாசக்கணக்குல சாப்பிட்டா சுகர் ஏறும், எலும்பு கரையும், முகம் ஊதும், தொற்று வரும். சைக்ளோஸ்போரின் கிட்னியையும் பிரஷரையும் பாதிக்கும். அதனால ஸ்டீராய்டுல கேக்கலன்னாலோ, குறைச்சா திரும்ப கிளம்புதுன்னாலோ, கூடவே குடல் நோயோ மூட்டு நோயோ இருந்தாலோ, புண்ணு ரொம்ப வேகமா ஓடினாலோ பயாலஜிக்குக்கு போறாங்க. பெரும்பாலும் ஸ்டீராய்டு ஓடிட்டு இருக்கும்போதே பயாலஜிக்க சேர்த்து, அது பிடிச்சதும் ஸ்டீராய்ட மெல்ல மெல்ல இறக்குவாங்க. என்னோட கருத்து, உள்ள குடல் நோய் இருக்குன்னு உறுதியாச்சுன்னா இந்தப் பேச்ச சீக்கிரமே ஆரம்பிக்கணும், ரெண்டையும் ஒரே மருந்து பாத்துக்கும்.

அஞ்சாவது படி: ஊசிக்கு முன்னாடி டெஸ்ட், இதுல ஒண்ணக்கூட விடாதீங்க

அவசரத்துல இங்கதான் கோட்டை விடறாங்க. புண்ணு பரவிட்டு இருக்கு, ஊசிய சீக்கிரம் போடுங்கன்னு நாமளே கத்துவோம், எனக்கும் அந்தப் பதட்டம் இருந்துச்சு. ஆனா டிஎன்எஃப்தான் நம்ம உடம்புல டிபி கிருமிய சுவர் கட்டி உள்ள அடைச்சு வச்சிருக்கு. அத மருந்தால அடைச்சா அந்த சுவர் இடிஞ்சு, எப்பவோ உள்ள வந்து தூங்கிட்டு இருந்த கிருமி எழுந்துடும். அதனால டிபிக்கு மான்டூ தோல் டெஸ்ட்டோ ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனையோ எடுக்கணும், கூட செஸ்ட் எக்ஸ்ரே. முடிஞ்சா ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இத எடுத்துடுங்க, ஸ்டீராய்டு ஓடும்போது டிபி இருந்தும் இல்லன்னு பொய்யா காட்டலாம். தூங்கற டிபி இருக்குன்னு வந்தா பயாலஜிக் கிடையாதுன்னு அர்த்தம் இல்ல, தடுப்பு மாத்திரை ஆரம்பிச்சு, பொதுவா ஒரு மாசமாவது போனப்புறம் ஊசி போடுவாங்க. இருமல், சாயங்கால ஜுரம், எடை குறையறதுன்னு நடப்புல டிபி இருந்தா முதல்ல அதுக்குத்தான் வைத்தியம்.

அடுத்தது ஹெபடைட்டிஸ் பி. ஹெச்பிஎஸ் ஏஜி மட்டும் பாத்தா பத்தாது, கோர் ஆன்டிபாடியும் பாக்கச் சொல்லுங்க, முன்னாடி வந்து போனவங்களுக்கும் அது திரும்ப எழுந்து ஈரல அடிக்கலாம். ஹெபடைட்டிஸ் சி, ஹெச்ஐவி, ஈரல், கிட்னி, ரத்த அணு எண்ணிக்கை. ஸ்ட்ராங்கிலாய்டிஸ்னு ஒரு குடல் புழு இருக்கு, மண்ணுல வெறுங்கால்ல நடக்கறவங்களுக்கு தோல் வழியா ஏறும், பல வருஷம் சத்தமே இல்லாம இருந்துட்டு ஸ்டீராய்டு குடுத்ததும் உடம்பு முழுக்க பரவி உயிருக்கே ஆபத்தாகும். அது இருக்கற பகுதில வாழ்ந்தவங்கன்னா இதையும் கேளுங்க, மாத்திரையில சரியாயிடற விஷயம்.

ஹார்ட் ஃபெயிலியர் ஓரளவுக்கு மேல இருந்தா, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் மாதிரி நரம்பு உறை தேயற நோய் தனக்கோ நெருங்கின ரத்த சொந்தத்துக்கோ இருந்தா, புற்றுநோய் வந்திருந்தா, கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும், டிஎன்எஃப்ப அடைக்கற மருந்து ஒத்து வராம போகலாம்.

தடுப்பூசி. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, ஹெபடைட்டிஸ் பி ஊசி எல்லாம் செத்த கிருமியோ கிருமியோட ஒரு துண்டோதான், எப்ப வேணா போடலாம், முன்னாடியே போட்டா இன்னும் நல்லா பிடிக்கும். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் மாதிரி உயிருள்ள தடுப்பூசி பயாலஜிக் ஓடும்போது கூடாது. தேவைன்னா ஆரம்பிக்கறதுக்கு எவ்வளவு நாள் முன்னாடி போடணும்னு கேட்டுக்கோங்க, ஏற்கனவே ஸ்டீராய்டு ஜாஸ்தியா ஓடுதுன்னா அப்பவும் கூடாது.

ஆறாவது படி: எந்த மருந்து

டிஎன்எஃப்ப அடைக்கற இன்ஃப்ளிக்சிமாப்தான் இந்த நோய்ல நேருக்கு நேர் சோதனை பண்ணின முதல் பயாலஜிக். 2006ல பிரிட்டன்ல 30 பேர்ல 13 பேருக்கு மருந்து, 17 பேருக்கு வெறும் தண்ணி மாதிரி ஒண்ணு, யாருக்கு எதுன்னு தெரியாம குடுத்தாங்க. ரெண்டே வாரத்துல மருந்து போட்டவங்கள்ல 46 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மத்தவங்கள்ல 6 சதவீதம். அப்புறம் எல்லாருக்கும் மருந்து குடுத்து ஆறாவது வாரம் பாத்தப்ப 69 சதவீதம் பேருக்கு பலன் இருந்துச்சு, ஆனா முழுசா ஆறினது 21 சதவீதம். இந்தக் கடைசி நம்பர் ரொம்ப முக்கியம், ஆறு வாரத்துல புண்ணு மூடிடும்னு யாரும் எதிர்பாக்காதீங்க. டிரிப்ஸா ஏத்தறது, உடம்பு எடைல கிலோவுக்கு 5 மிகி, முதல் நாள், ரெண்டாவது வாரம், ஆறாவது வாரம், அதுக்கப்புறம் வழக்கமா எட்டு வாரத்துக்கு ஒரு தடவை.

அடாலிமுமாப்பும் டிஎன்எஃப்ப அடைக்கறதுதான், தோலுக்கு அடியில வீட்டுலயே போட்டுக்கற ஊசி. ஜப்பான்ல 22 பேர வச்சு ஆய்வு பண்ணினாங்க, முதல்ல 160 மிகி, ரெண்டு வாரம் கழிச்சு 80, நாலாவது வாரத்துலேர்ந்து வாராவாரம் 40. 26 வாரத்துல 12 பேருக்கு குறி வச்ச புண்ணு முழுசா மூடிடுச்சு. அத வச்சு 2020ல ஜப்பான் இந்த நோய்க்குன்னே அடாலிமுமாப்ப அனுமதிச்சுது. மத்த பல இடங்கள்ல மருந்து லேபிள்ல இந்த நோய் பேர் இருக்காது, டாக்டர் தன் அனுபவத்துல எழுதறதுதான், அது தப்பில்ல, அரிய நோய்ல அப்படித்தான் நடக்கும். ஆனா இன்ஷூரன்ஸ் மாதிரி யாராவது பணம் குடுக்கணும்னா கேள்வி வரும், அதுக்கு பயாப்சி ரிப்போர்ட், தேதி போட்ட ஃபோட்டோ, முன்னாடி குடுத்து கேக்காத மருந்தோட பட்டியல், இந்த மூணும் கைல ரெடியா வச்சிருங்க.

எட்டனர்செப்ட்டும் டிஎன்எஃப்ப பிடிக்கறதுதான், ஆனா குடல் நோய்க்கு அது வேலை செய்யாது, அதனால குடல் நோயோட வர்றவங்களுக்கு அது சரியான தேர்வு இல்ல. டிஎன்எஃப் மருந்து கேக்கலன்னா உஸ்டெக்கினுமாப், இது இன்டர்லூக்கின் 12, 23 ரெண்டு சிக்னலையும் அடைக்கும், இல்ல 23ஐ மட்டும் அடைக்கற குசெல்குமாப் வகை. அனகின்ரா, கனகினுமாப் ரெண்டும் இன்டர்லூக்கின் 1 பக்கம், பாப்பா சிண்ட்ரோம்னு மூட்டு, முகப்பருவோட பரம்பரையா வர்ற வகைல டாக்டருங்க இத யோசிப்பாங்க. இதுக்கெல்லாம் ஆதாரம் சின்னச் சின்னக் கூட்டம், தனித்தனி கேஸ்தான். இன்டர்லூக்கின் 17ஐ அடைக்கற மருந்துல மட்டும் ஜாக்கிரதை, குடல் நோய கிளப்பி விடலாம், அந்த மருந்து போட்டவங்களுக்கு இதே புண்ணு புதுசா வந்த கேஸும் பதிவாகியிருக்கு. ஜாக் இன்ஹிபிட்டர் மாத்திரைகளும் சில டாக்டர் குடுக்கறாங்க, அது பயாலஜிக் இல்ல, வேற ரகம்.

பயோசிமிலர்னா ஒரு பயாலஜிக்க மாதிரியே வேற கம்பெனி பண்றது, அத மட்டமான மருந்துன்னு நினைக்காதீங்க. மூல மருந்தோட ஒப்பிட்டு சோதிச்சு அனுமதி வாங்கினதுதான் அது, எந்த பிராண்ட், எந்த பேட்ச்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதி வச்சுக்கோங்க.

ஏழாவது படி: ஊசி போடற நாள்

டிரிப்ஸ்னா வழக்கமா ரெண்டு மணி நேரம் ஏறும், அப்புறம் ஒரு மணியோ ரெண்டு மணியோ உக்கார வைப்பாங்க. ஜுரம், சளி, மூத்திர எரிச்சல், பல்லுல சீழ், எது இருந்தாலும் ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, அன்னைக்கு தள்ளிப் போட வேண்டி வரலாம். ஏறும்போது அரிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டறது, முகம் சிவக்கறது, நடுக்கம் வந்தா பொறுத்துப் பாக்கலாம்னு இருக்காதீங்க, உடனே நர்ஸ கூப்பிடுங்க. சில பேருக்கு சில நாள் கழிச்சு மூட்டு வலி, தடிப்பு, ஜுரம்னு வரும், அதுவும் மருந்தோட எதிர்வினைதான். ஊசி குத்த இடம் தேடும்போது ஒரே குத்துல முடிக்கச் சொல்லுங்க, புண்ணு இருக்கற காலுல குத்த வேணாம்னு சொல்லுங்க, பேதர்ஜிய நினைவு வச்சுக்கோங்க.

வீட்டுல போடற பேனா மாதிரி ஊசிய ஃப்ரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரில வைக்கணும், ஃப்ரீசர் பக்கத்துல ஒட்டி வைக்காதீங்க, உறைஞ்சுட்டா உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். போடறதுக்கு கால் மணியோ அரை மணியோ முன்னாடி வெளிய எடுத்து வைங்க, சுடு தண்ணில போட்டு சூடு பண்ண வேணாம். தொடை முன்பக்கம் இல்லன்னா தொப்புளுக்கு நாலு விரக்கடை தள்ளி வயிறு, தடவைக்குத் தடவை இடம் மாத்தணும், தழும்பு, சிவப்பு, காயம் இருக்கற இடத்துல போடக்கூடாது. அழுத்தினதும் க்ளிக்னு சத்தம் கேக்கும், உடனே எடுத்துடாம பெட்டில போட்டிருக்கற விநாடி வரைக்கும் பிடிச்சிருங்க. தேய்க்காதீங்க. போட்ட இடத்த அடுத்த சில நாள் பாருங்க, பரு மாதிரி கிளம்பி ஊதாவானா டாக்டருக்கு ஃபோட்டோ அனுப்பணும்.

எட்டாவது படி: கட்டும் வலியும்

மருந்து உள்ள வேலை செய்யும், வெளிய நாம கெடுக்காம இருக்கணும். சலைனையோ சுத்தமான தண்ணியையோ மெதுவா ஊத்திக் கழுவினா போதும், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் எதுவும் வேணாம். காஞ்ச காட்டன் துணிய நேரா வச்சா ஒட்டிக்கும், பிய்க்கும்போது புதுத்தோலும் சேர்ந்து வரும், அதனால ஒட்டாத டிரெஸ்ஸிங், நீர் ஜாஸ்தி வடிஞ்சா மேல ஃபோம். பிளாஸ்டர தோல் மேல ஒட்டாம சுத்துக் கட்டா கட்டுங்க. தப்பித் தவறி ஒட்டிக்கிட்டா சலைன்ல ஊற வச்சு, தானா கழண்டு வர்ற வரைக்கும் காத்திருங்க, அந்தப் பத்து நிமிஷம் ரொம்ப மதிப்பானது. காலு வீக்கம் இருந்தா கம்ப்ரெஷன் கட்டு உதவும், ஆனா டாப்ளர் பாத்து ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சு, கொந்தளிப்பு கொஞ்சம் அடங்கினப்புறம்.

வலிய குறைச்சு எடை போடாதீங்க. அம்மா கட்டு மாத்தற நேரம் வந்தாலே அழ ஆரம்பிச்சுடுவாங்க. கட்டு மாத்தறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை குடுக்கலாமான்னு கேட்டப்புறம்தான் அது மாறுச்சு. சாதாரண மாத்திரைல அடங்கலன்னா நரம்பு வலிக்கான மருந்து, தேவைப்பட்டா வலி நிபுணர், கேக்கறதுல தப்பே இல்ல. குடல் நோய் இருக்கறவங்க புரூஃபென் வகை மாத்திரைய டாக்டர கேக்காம எடுக்காதீங்க.

ஒம்பதாவது படி: வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்

வாரம் ஒரு தடவை, ஒரே வெளிச்சம், ஒரே தூரம், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுங்க. நீளம், அகலம், வலி பத்துக்கு எவ்வளவு, மூணையும் எழுதுங்க. தினம் பாக்கற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, நான் மூணு வாரமா ஒண்ணும் ஆகலன்னு நினைச்சுட்டு இருந்தேன், ஃபோட்டோவ வரிசையா வச்சுப் பாத்தப்பதான் ஓரத்துல ஊதா போயிருந்தது தெரிஞ்சுது.

முதல்ல குறையறது அளவு இல்ல. முதல்ல வலி குறையும், அடுத்து ஊதா நிறம் மங்கும், குடைஞ்ச ஓரம் தட்டையாகி உக்காரும், புதுப் பரு கிளம்பறது நிக்கும். அப்புறம் ஓரத்துலேர்ந்து நடுவுக்கு நூல் நூலா புதுத்தோல் நீட்டிக்கிட்டு வரும், அத பாத்தா பிசிறு, அழுக்குன்னு துடைச்சு எடுத்துடாதீங்க, அதுதான் நீங்க காத்திருந்த அறிகுறி. புண்ணு சுருங்கறது அதுக்கப்புறம்தான், முழுசா மூட மாசக்கணக்காகும், பெரிய புண்ணுன்னா இன்னும் ஜாஸ்தி. கொந்தளிப்பு அடங்கியும் ஒரு புண்ணு மெதுவா ஆறுதுன்னா காலு வீக்கம், புரதச்சத்து குறைவு, சுகர், புகை பிடிக்கறதுன்னு வேற காரணம் இருக்கலாம், அதுக்கு பயாலஜிக் டோஸ ஏத்தி பிரயோஜனம் இல்ல.

நாலஞ்சு வாரம் ஆகியும் வலியும் குறையல, ஓரமும் பரவுதுன்னா மருந்த மாத்தறதுக்கு முன்னாடி முதல் படிக்கு திரும்பிப் போங்க, நோய் இதுதானான்னு மறுபடி கேளுங்க, புண்ணுல இப்ப புதுசா தொற்று சேர்ந்திருக்கான்னு பாருங்க. முதல்ல நல்லா கேட்டுட்டு அப்புறம் கேக்காம போனா, உடம்பு மருந்துக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம், ரத்தத்துல மருந்து அளவும் ஆன்டிபாடியும் பாக்க டெஸ்ட் இருக்கு. அளவு கம்மியா இருந்தா டோஸ கூட்டலாம், ஆன்டிபாடி ஜாஸ்தின்னா வேற மருந்து. ஆன்டிபாடி வராம தடுக்க இன்ஃப்ளிக்சிமாப்போட மெத்தோட்ரெக்சேட்டோ அசாதயோப்ரினோ சேர்த்துக் குடுக்கற வழக்கமும் உண்டு.

எப்ப உடனே ஓடணும்

38 டிகிரிக்கு மேல ஜுரம், குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், கண்ணு மஞ்சளாகறது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், திடீர்னு பார்வை மங்கறது, கை கால் மரத்துப் போறது, காலு வீங்கி படுத்தா மூச்சு வாங்கறது, புண்ணு சுத்தி சூடா சிவப்பு பரவி நாத்தம் அடிக்கறது. இதுல எது வந்தாலும் அடுத்த ஊசிய நிறுத்தி வச்சுட்டு அன்னைக்கே காட்டுங்க, பயாலஜிக் போடறேன்னு முதல் வாக்கியமா சொல்லுங்க. ஸ்டீராய்டும் ஓடுதுன்னா ஜுரமே தெரியாம உள்ள தொற்று இருக்கலாம், உடம்பு என்னமோ சரியில்லன்னு தோணினாலே போதும்.

ஸ்டீராய்ட மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது. சில வாரம் சாப்பிட்டவங்களுக்கு உடம்பு தன்னோட ஸ்டீராய்ட சுரக்கறத குறைச்சிருக்கும், திடீர்னு நிறுத்தினா மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியா இறக்கற அட்டவணைய கேட்டு வாங்கி சுவத்துல ஒட்டிடுங்க.

ஆறினப்புறம்

மூடின உடனே ஊசிய நிறுத்த ஆசையா இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். எப்ப நிறுத்தறதுன்னு எல்லாருக்கும் பொருந்தற ஒரே கணக்கு கிடையாது, உள்ள குடல் நோய் இருந்தா அதுக்காகவே மருந்து தொடரும், தோல் மட்டும்னா மூடினப்புறமும் சில மாசம் ஓட்டிட்டு இடைவெளிய நீட்டிப் பாப்பாங்க. கர்ப்பம் திட்டமிடறவங்க மருந்த பயந்து தானா நிறுத்தாம முன்னாடியே பேசுங்க, இன்ஃப்ளிக்சிமாப்பும் அடாலிமுமாப்பும் கடைசி மூணு மாசத்துல நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும், குழந்தைக்கு பிசிஜி, ரோட்டா மாதிரி உயிருள்ள தடுப்பூசிய எப்ப போடணும்னு குழந்தை டாக்டர்கிட்ட இத சொல்லித்தான் கேக்கணும்.

புதுத்தோல் ரொம்ப மெல்லிசு, அம்மாவுக்கு இன்னைக்கும் சல்லடை மாதிரிதான் இருக்கு. இடிச்சுக்காம பாக்கணும், தோல் வறண்டு வெடிக்காம களிம்பு தடவணும், டாக்டர் சொன்னா கம்ப்ரெஷன் சாக்ஸ் போடணும். ரத்தம் எடுக்கறது, பல் பிடுங்கறது, கண் ஆபரேஷன், எதுவா இருந்தாலும் இந்த நோய் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லணும், அவசியமான ஆபரேஷன தவிர்க்க வேணாம், நோய் அடங்கியிருக்கற நேரமா பாத்து, மருந்து பாதுகாப்போட பண்ணலாம். அம்மா பர்ஸுல ஒரு சீட்டு எழுதி லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், நீங்களும் வைங்க, இப்படித்தான் எழுதியிருக்கேன்: "எனக்கு பயோடெர்மா கேங்ரினோசம் இருக்கு. அடாலிமுமாப் ஊசி போடறேன். புண்ணு வந்தா என் தோல் டாக்டர கேக்காம வெட்டவோ சுரண்டவோ வேண்டாம்." கீழ டாக்டர் நம்பர், எங்க நம்பர், கடைசி ஊசி போட்ட தேதி. தேதிய மட்டும் பென்சில்ல எழுதற மாதிரி ஒரு ஓரம் லேமினேட் பண்ணாம விட்டிருக்கேன், ஒவ்வொரு ஊசிக்கும் அம்மாவே அழிச்சு எழுதிக்கறாங்க.